விஷவாயுவும் நோய்க் கிருமியும்: கிராமத் தற்காப்பில் கால்நடைகளின் இடம்

யுத்தமென்பது எல்லைப்புறத்தில் சிப்பாய்கள் நடத்துவது, ஏர் பிடிக்கும் குடியானவனுக்கு அதனோடு சம்பந்தமில்லை என்னும் எண்ணம் முற்காலத்துக்கு ஒருவாறு பொருந்தியிருக்கலாம். விஷவாயுவும் நோய்க் கிருமியும் ஆயுதங்களாக்கப்பட்ட பின்னர் அது பொருந்துவதில்லை. துப்பாக்கிக் குண்டு குறிவைத்த இடத்தில் தைத்து நின்றுவிடும். விஷவாயுவோ காற்றுச் செல்லுமிடமெல்லாம் செல்லும். கிருமியோ மேய்ச்சல் நிலத்து மண்ணில் பல்லாண்டு தங்கும். ஆகையால் இவ்விரண்டையும் பற்றிய அறிவு நகரவாசிகளைப் போலவே கிராமவாசிகளுக்கும் இன்றியமையாததாகும்.

இவற்றின் தன்மையும், பிற தேசங்களில் இவை விளைத்த தீமையும், இவற்றினின்று மக்களையும் மாடுகன்றுகளையும் காக்கும் முறைகளும் இப்பாடத்தில் சுருக்கமாகக் கூறப்படுகின்றன. இம்முறைகளுக்கு ஆயுதமோ மிகுந்த பொருட்செலவோ வேண்டுவதில்லை. காற்றின் திசையை அறிதல், செத்த பிராணியின் உடலை அறுக்காதிருத்தல், செய்தியை மறைக்காதிருத்தல் என்னும் மூன்றுமே இவற்றுள் தலையானவை.

1. கால்நடைகள் மீது தொடுத்த யுத்தம்

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில், எதிரிப் படைகளுக்கு அனுப்பப்பட்ட குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நோயூட்ட ஜெர்மானிய ஒற்றர்கள் முயன்றனர். அமெரிக்கா, ருமேனியா, அர்ஜெண்டினா முதலிய நாடுகளில் இவ்வேலை இரகசியமாக நடந்தது. 1917-இல் நார்வே தேசத்தில் பிடிபட்ட ஓர் ஒற்றனிடம் சர்க்கரைக் கட்டிகள் அகப்பட்டன. அவற்றினுள் மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைப்பான் நோயின் கிருமி வைக்கப்பட்டிருந்தது. பொதி சுமக்கும் பிராணிகளுக்கு அதனைத் தின்னக் கொடுப்பதே நோக்கம். அந்நாட்டுக் காட்சிச்சாலை ஒன்றில் கிடந்த அக்கட்டிகளுள் ஒன்றை 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, 80 ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கிருமி உயிர்பெற்று வளர்ந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் அரசாங்கத்தாரும் 50 லட்சம் ஆளிவிதைப் பிண்ணாக்கு வில்லைகளில் இதே கிருமியை ஏற்றிச் சேமித்து வைத்தனர். ஜெர்மனியின் மேய்ச்சல் நிலங்களில் விமானங்களிலிருந்து அவற்றை வீசுவது திட்டம். அவை பயன்படுத்தப்படவில்லை, யுத்தம் முடிந்தபின் அழிக்கப்பட்டன. மாடுகளுக்கு மனமுவந்து ஊட்டும் பிண்ணாக்கே ஆயுதமாக்கப்பட்டது இங்குக் கவனிக்கத்தக்கது. உழவும் பாலும் இறைச்சியும் குன்றினால் படைக்கும் குடிக்கும் உணவு குன்றும் என்பதே இத்தகைய திட்டங்களுக்கு அடிப்படையாகும்.

2. விஷவாயுவின் இயல்பு

விஷவாயு பேரளவில் முதன்முதல் நன்கு பலித்தது 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி மாலையில், பெல்ஜியத்திலுள்ள ஈப்ர் நகரின் அருகிலாகும். ஜெர்மானியர் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்து, ஏறக்குறைய 150 டன் குளோரின் வாயுவைக் காற்றோடு விட்டனர். நான்கு நாட்கள் கழித்து, அதே களத்தில் போரிட்ட லாகூர்ப் படைப்பிரிவின் இந்தியச் சிப்பாய்களும் அவ்வாயுவுக்கு ஆளாயினர்.

குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் அது மேலெழும்பாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளங்களிலும் அகழிகளிலும் தேங்கும். விஷவாயுக்களுள் பெரும்பாலானவை இத்தகையவையே. 1917-இல் பயன்பாட்டுக்கு வந்த மஸ்டர்ட் என்னும் விஷம் உண்மையில் ஒருவகை எண்ணெய். அது துணியிலும் மண்ணிலும் இலையிலும் படிந்து தங்கும். பட்டவுடன் நோவு தோன்றாது. சில மணி நேரத்துக்குப் பின்னரே தோல் கொப்புளிக்கும், கண் பழுதாகும். நரம்பைத் தாக்கும் விஷங்கள் அதன்பின் கண்டுபிடிக்கப்பட்டவை. அவை மூச்சின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உட்புகும். பயிர்ப்பூச்சிகளைக் கொல்லும் சில மருந்துகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மருந்து தெளிக்கும்போது ஏமாந்தவர்களுக்கு வாயில் நுரை, கண்பாவை சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் ஆகியவை காண்பதை விவசாயிகள் அறிவார்கள். யுத்த விஷத்திலும் அடையாளங்கள் இவையே. வேகம் மட்டும் பன்மடங்கு.

யுத்தமில்லாக் காலத்திலும் இவ்வாபத்து நேரிடலாம் என்பதற்குப் போபால் நகரம் சான்று. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில், பூச்சிமருந்துத் தொழிற்சாலையொன்றிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் வாயு ஏறக்குறைய 40 டன் வெளிப்பட்டது. காற்றைவிடக் கனமான அவ்வாயு குடிசைகளின் மீது தவழ்ந்து சென்றது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். எருமைகளும் பசுக்களும் ஆடுகளும் தெருக்களில் செத்துக் கிடந்தன. எத்திசையில் செல்வது, முகத்தை எவ்வாறு மூடுவது என்று அம்மக்களுக்கு முன்னதாக ஒருவரும் கூறியிருக்கவில்லை.

3. வாயு வருங்கால் செய்யத்தக்கவை

களத்தில் நெல் தூற்றும் விவசாயிக்குக் காற்றின் போக்கைக் கற்பிக்க வேண்டுவதில்லை. மணி காலடியில் விழுகிறது. பதர் சற்றுத் தள்ளி விழுகிறது. தூசு வரப்பைக் கடந்து வெகுதூரம் போகிறது. ஆயினும் எல்லாம் காற்று வீசும் ஒரே பட்டையில்தான் செல்லுகின்றன. களத்தின் இருபுறமும் நிற்பவர் மீது தூசு படுவதில்லை. விஷவாயுவும் இவ்வாறே செல்லும். ஆகையால்,

(அ) காற்றோடு சேர்ந்து ஓடுதல் கூடாது. வாயு பின்தொடர்ந்து வரும். காற்றின் போக்குக்குக் குறுக்காக நடந்து, அப்பட்டையினின்று விலக வேண்டும். பின்னர் மேட்டு நிலத்தை அடைதல் நலம்.

(ஆ) பள்ளம், வாய்க்கால், கிணறு, நிலவறை ஆகியவற்றில் ஒளிதல் கூடாது.

(இ) வெளியேற நேரமில்லையெனில் வீட்டினுள் மேல்தளத்தை அடைந்து, கதவு சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருக வேண்டும். வாயு கடந்தபின் எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டம் விட வேண்டும்.

(ஈ) மூக்கையும் வாயையும் நனைத்த துணியால் மூட வேண்டும். குளோரின் முதலிய வாயுக்களின் வேகத்தை இது ஓரளவு தணிக்கும். எல்லா விஷத்துக்கும் இது போதுமான காப்பென்று நம்பி அங்கேயே நிற்றல் ஆகாது.

(உ) உடுத்திய துணியை உடனே களைந்து, சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு உடலைக் கழுவ வேண்டும். கண்ணைத் தூய நீரால் பல நிமிஷம் அலம்ப வேண்டும். களைந்த துணியை வீட்டினுள் கொண்டுவருதல் கூடாது.

(ஊ) நேரமிருப்பின் தொழுவத்து மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். நேரமில்லையெனில் மனிதர் தம் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். மாட்டின் பொருட்டுத் திரும்பிச் சென்று உயிரிழப்பது குடும்பத்துக்கு இரட்டை நஷ்டம்.

4. தீவனத்திலும் நீரிலும் தங்கும் விஷம்

வாயு கடந்துபோன பின் ஆபத்து முற்றும் நீங்கிற்றென்று எண்ணலாகாது. 1968-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13-ஆம் தேதி, அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் டக்வே என்னும் இராணுவச் சோதனைக் களத்தில், வி.எக்ஸ். என்னும் நரம்பு விஷத்தை விமானத்திலிருந்து தெளித்துப் பார்த்தனர். அடுத்த நாள் முதல், சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஸ்கல் பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறியாடுகள் நடை தள்ளாடி விழலாயின. செத்தனவும், பிழைக்கமாட்டா என்று கொல்லப்பட்டனவும் சேர்ந்து ஏறக்குறைய 6,000 ஆடுகள் ஒழிந்தன. அவற்றோடிருந்த இடையர்களுக்கு அத்தகைய கேடு நேரவில்லை. ஆடுகளோ விஷம் படிந்த புல்லையும் பனியையும் தின்றிருந்தன. தரையோடு மேயும் பிராணி, மனிதரின் கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத விஷத்தையும் உட்கொண்டுவிடுகிறது.

இதனால் விளங்குவது யாதெனில், வாயு பரவிய இடத்தில் அதிகாரிகள் சோதித்துக் கூறும்வரை மாடுகன்றுகளை மேயவிடுதல் கூடாது என்பதாகும். வைக்கோற் போரைத் தார்ப்பாயினால் மூடி வைத்திருந்தால், மேற்புறம் கெட்டாலும் உட்புறத் தீவனம் உதவும். கிணற்றுக்கு மூடியிட்டு வைத்தல் எக்காலத்தும் நன்று. வெளியில் கிடந்த தானியம், காய்கறி, கறந்த பால் ஆகியவற்றை உபயோகித்தல் கூடாது. நீரைக் கொதிக்கவைத்தால் வாந்திபேதி முதலிய நோய்களின் கிருமிகள் சாகும். இரசாயன விஷமோ கொதிக்கவைப்பதால் நீங்கிவிடாது. ஆகவே வேறு இடத்திலிருந்து நீர் கொணர வேண்டும்.

5. அடைப்பான் என்னும் ஆயுதம்

கிருமி யுத்தத்துக்கென ஆராயப்பட்டவற்றுள் முதன்மையானது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமியாகும். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இந்நோய் புதிதன்று. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரென விழுந்து சாவதும், உடல் விரைவில் உப்புவதும், மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றின் வழியே உறையாத கருநிற இரத்தம் கசிவதும் இதன் அடையாளங்கள்.

இக்கிருமி பிராணியின் உடலுக்குள் இருக்கும்வரை மென்மையானது. செத்த உடல் அறுக்கப்படாமலிருந்தால், அழுகும்போது அக்கிருமிகளுட் பெரும்பாலானவை அழிந்துவிடும். உடலைத் திறந்து இரத்தம் காற்றிற் பட்டாலோ அவை உறுதியான வித்துக்களாக மாறும். வெயில், மழை, வறட்சி எதற்கும் அவ்வித்துக்கள் எளிதில் அழிவதில்லை.

இதற்குச் சான்று ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையருகிலுள்ள குருயினார்டு என்னும் சிறு தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 200 ஹெக்டேர். 1942-இலும் 1943-இலும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அங்கே செம்மறியாடுகளைக் கட்டிவைத்து, அடைப்பான் வித்துக்கள் நிறைந்த குண்டுகளை வெடித்தனர். சில நாட்களுக்குள் ஆடுகள் செத்து விழுந்தன. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அத்தீவில் எவரும் குடியேறவோ ஆடு மேய்க்கவோ இயலவில்லை. 1986-இல் 280 டன் பார்மால்டிஹைடைக் கடல்நீரிற் கலந்து நிலம் முழுவதும் தெளித்தனர். பின்னர் ஒரு மந்தையை மேயவிட்டுப் பார்த்து, 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதியன்றுதான் தீவு பழுதற்றதென்று அறிவித்தனர். சில நாட்களிற் கெட்ட நிலம் திருந்த 48 ஆண்டுகள் சென்றன. செத்த மாட்டை ஊர்ப் பொது மேய்ச்சலில் அறுத்துப் போடுபவன் தன் ஊருக்கு எத்தகைய கேட்டைச் செய்கிறான் என்பதை இதனால் உணரலாம்.

6. ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரத்து நிகழ்ச்சி

இப்போது எக்காதெரின்புர்க் என வழங்கும் நகரம், சோவியத் ஆட்சிக் காலத்தில் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் எனப்பட்டது. அங்கே இராணுவக் கிருமிக்கூடம் ஒன்று இருந்தது. கிருமி ஆயுதங்களைத் தடைசெய்யும் 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சோவியத் அரசாங்கம் கையெழுத்திட்டிருந்தும், அவ்வேலை நிறுத்தப்படவில்லை. 1979-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி திங்கட்கிழமையன்று, அக்கூடத்திலிருந்து அடைப்பான் வித்துக்கள் காற்றிற் கசிந்தன. சில நாட்களுக்குள் மக்கள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு மாளலாயினர். குறைந்தது 66 பேர் இறந்தனர். நகருக்குத் தென்கிழக்கே உள்ள கிராமங்களில் ஆடுகளும் மாடுகளும் செத்தன.

நோயுற்ற இறைச்சியைத் தின்றதாலும் தொட்டதாலும் நேர்ந்த விபத்து என்று அரசாங்கத்தார் உலகுக்குக் கூறினர். 13 ஆண்டுகள் இக்கூற்றே நின்றது. 1992-இல் ருஷியாவின் தலைவர் போரிஸ் எல்ட்சின் இராணுவமே காரணமென்று ஒப்புக்கொண்டார். அமெரிக்க விஞ்ஞானி மாத்யூ மெசெல்சனும் அவரைச் சார்ந்தோரும் 1992-இலும் 1993-இலும் அங்குச் சென்று ஆராய்ந்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர்.

அவர்கள் செய்த சோதனை எந்த விவசாயிக்கும் விளங்கக்கூடியது. நோயுற்றோர் அத்திங்கட்கிழமை பகலில் எங்கிருந்தனர் என்று விசாரித்துப் படத்தில் குறித்தனர். அநேகமாக எல்லாப் புள்ளிகளும் கிருமிக்கூடத்திலிருந்து தென்கிழக்கு நோக்கி, 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய பட்டையில் அமைந்தன. அப்பட்டையை மேலும் நீட்டினால், ஆடுமாடுகள் செத்த ஆறு கிராமங்களும் அக்கோட்டிலேயே விழுந்தன. கடைசிக் கிராமம் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அன்றைய தினம் காற்றும் அத்திசையிலேயே வீசியதாக விமான நிலையத்துக் குறிப்புக்கள் கூறின. இறைச்சியால் வந்த நோய் காற்றின் கோட்டிலே பரவாதன்றோ? வெளிப்பட்ட வித்துக்களின் நிறை ஒரு கிராமுக்கும் குறைவாயிருக்கலாமென்று அவர்கள் கணக்கிட்டனர்.

மனிதர்க்கு நோய் கண்டது 4 கிலோமீட்டர் வரையில். கால்நடைகளுக்குக் கண்டதோ 50 கிலோமீட்டர் வரையில். காற்றில் மெலிந்துபோய் மனிதரைத் தாக்கமாட்டாத அளவும் ஆட்டைத் தாக்கிற்று. ஆகவே மந்தையில் காணும் சாவு, ஊருக்குக் கிடைக்கும் எச்சரிக்கையாகும். அவ்வெச்சரிக்கையை எழுதி வைத்த கால்நடைக் குறிப்புக்களே உண்மையை வெளிப்படுத்தவும் உதவின.

7. செத்த பிராணியைக் கண்டால்

ஓர் ஆடு செத்தால் உடையவனுக்கு நஷ்டம். தோலையேனும் இறைச்சியையேனும் விற்று நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்யலாமென்று எண்ணுவது இயல்பே. ஆனால் அடைப்பானில் செத்த ஆட்டை அறுப்பவன் கையில் முதலில் கொப்புளமும், பின்னர் நோவில்லாத கரும்புண்ணும் தோன்றும். அவ்விறைச்சியைத் தின்பவர்க்குக் குடலிலும் நோய் காணலாம். ஆகையால்,

(அ) திடீரென இறந்த பிராணியைத் தோலுரித்தல், அறுத்தல், விற்றல், தின்னல், ஆற்றிலோ ஏரியிலோ எறிதல் ஆகிய யாவும் விலக்கத்தக்கன.

(ஆ) நாய், காக்கை, பருந்து ஆகியவை அணுகாதபடி காவலிட வேண்டும். மற்றக் கால்நடைகளை வேறிடத்திற் பிரித்துக் கட்ட வேண்டும்.

(இ) உடலைத் தரையில் இழுத்துச் செல்லுதல் கூடாது. கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி எரித்தலே சிறந்தது. இயலாவிடில் நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் 6 அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும். சுண்ணாம்பு தூவிவிட்டால் வித்துக்கள் அழிந்துபோகும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

(ஈ) அதன் கீழ்க் கிடந்த வைக்கோல், சாணம், எஞ்சிய தீவனம் ஆகியவற்றையும் எரிக்க வேண்டும்.

(உ) தொட்டவர்கள் கைகால்களைச் சோப்பினால் கழுவி, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்நோய் சாதாரணமாக ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதில்லை. தொடக்கத்திலேயே கண்டால் தக்க மருந்துகளால் குணமாகும். ஆகையால் நோயுற்றவரை ஒதுக்கிவைத்து அஞ்ச வேண்டுவதில்லை.

(ஊ) நோய் கண்ட ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிக்க வேண்டும். இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கான மருந்தைத் தயாரித்து வந்துள்ளது. கிருமி எதிரியின் கையிலிருந்து வந்தாலும், பழைய புதைகுழியிலிருந்து வந்தாலும், காப்பு இதுவே.

8. கிராம அதிகாரிகளின் கடமை

சாவு இயற்கையாலா, விபத்தாலா, பகைவராலா என்று தீர்மானிப்பது கிராம அதிகாரியின் வேலையன்று. காலந்தாழ்த்தாமல் அறிவிப்பதே அவர் வேலை. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, குறிக்கப்பட்ட நோய் தன் பிராணிக்கு இருப்பதாகக் கருதும் உடைமையாளர் அதனைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்க வேண்டும். அங்கிருந்து செய்தி கால்நடை மருத்துவரை அடைய வேண்டும். அடைப்பானும் அப்பட்டியலில் அடங்கும்.

அறிவிக்கும்போது செத்த பிராணிகளின் இனமும் தொகையும், செத்த நாளும் நேரமும், மேய்ந்த இடமும், அன்று காற்று வீசிய திசையும் குறிக்கப்பட வேண்டும். பலவினப் பிராணிகள் ஒரே நேரத்தில் விழுதல், பறவைகளும் மீன்களும் சேர்ந்து சாதல், இலைகளில் புதிய புள்ளிகளோ எண்ணெய்ப் பசையோ காணுதல், மக்களுக்கும் கண்ணெரிச்சலோ மூச்சுத்திணறலோ காணுதல் ஆகியவை விசேஷமாகக் கவனிக்கத்தக்கவை. ஆகாயத்திலிருந்து விழுந்த பொருளையோ, உரிமையாளர் தெரியாத உருளையையோ ஒருவரும் தொடாதபடி காவலிட்டுப் போலீசாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

செய்தி சொன்னால் சந்தை மூடப்படும், பால் விலைபோகாது, பழி தம்மேல் வரும் என்று உடையவரும் அதிகாரியும் அஞ்சுவதுண்டு. ஸ்வெர்ட்லாவ்ஸ்கில் செய்தியை மறைத்தவர்களும் பழிக்கே அஞ்சினர். காற்றில் வந்த கிருமியை இறைச்சியில் வந்ததென்று கூறியதால், மாண்டோரின் குடும்பத்தார் தங்கள் வீட்டுச் சாவுக்குக் காரணம் யாதென்பதையே பல்லாண்டு அறியாதிருந்தனர். மூடப்பட்ட சந்தை மீண்டும் திறக்கும். மறைத்ததால் இழந்த உயிர் மீளாது.

முடிவுரை

விஷவாயுவையும் கிருமியையும் யுத்தத்தில் பயன்படுத்துவதை 1925-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை விலக்கிற்று. கிருமி ஆயுதங்களை வைத்திருத்தலையே 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், இரசாயன ஆயுதங்களை வைத்திருத்தலை 1993-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் தடுத்தன. ஆயினும் 1988-இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரிலும், 2013-இல் சிரியாவின் கூத்தா பகுதியிலும் மக்கள் விஷவாயுவால் மாண்டனர். எழுதிய உடன்படிக்கை வேலியைப் போன்றது. வேலியிருப்பினும் காவற்காரன் உறங்கலாகாது.

கிராமத்தின் காவல், மந்தையை நாள்தோறும் பார்க்கும் கண்ணிலும், கண்டதை உடனே சொல்லும் வாயிலும் இருக்கிறது. இப்பாடத்தைப் பஞ்சாயத்துக் கூட்டங்களில் படித்துக்காட்டி, ஆடு மேய்க்கும் சிறுவர்க்கும் விளங்கும்படி எடுத்துரைத்தல் கிராம அதிகாரிகளுக்கும் பெருநிலக்கிழார்களுக்கும் உரிய கடமையாகும்.